ரீங்காரச்சிட்டும் ஃபிளாஷும்: படம் எங்கே கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது

ரீங்காரச்சிட்டை, அதாவது ஹம்மிங்பேர்டை, பறக்கும்போது படமெடுத்துப் பார்த்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “ஷட்டரை இன்னும் எவ்வளவு கூட்டணும்?” கூட்டவே வேண்டாம். நல்ல இருட்டு அறையில் ஷட்டரை ஒரு நொடி திறந்து வைத்து, நடுவில் ஒருமுறை ஃபிளாஷ் அடித்துப் பாருங்கள். படத்தில் பதிவது அந்தப் பளிச் நேரம் மட்டும். மிச்ச நேரமெல்லாம் ஷட்டர் சும்மா வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. இந்தப் படங்களில் ஷட்டரின் வேலையைச் செய்வது ஃபிளாஷ். கீழே வரும் குறைகளில் பாதி, இதை மறந்ததால் வருபவை.

பேச்சோடு பேச்சாக ஒன்று: தேன்சிட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்து வேறு குடும்பம். ரீங்காரச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. வடக்கே அலாஸ்கா முதல் தெற்கே தியரா டெல் ஃபியூகோ வரை 300க்கும் மேற்பட்ட இனங்கள். எல்லாம் ஒரே வேகத்தில் சிறகடிப்பதில்லை. ஆண்டிஸ் மலையின் ராட்சத ரீங்காரச்சிட்டு நொடிக்கு 15 முறைக்குள் முடித்துக்கொள்கிறது. மிகச் சிறியவை 80 வரை போகின்றன. அதனால் ஒரு பறவைக்குச் சரியாக இருந்த அமைப்பு இன்னொன்றுக்குப் போதாமல் போகலாம்.

கணக்கை ஒருமுறை போட்டுவிடுவோம். வட அமெரிக்காவின் ரூபித்தொண்டைச் சிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 3 கிராம்தான், சிறகடிப்பு நொடிக்கு ஏறக்குறைய 50. இறக்கை நீளம் சுமார் நாலரை செ.மீ. ஒரு வீச்சில் நுனி 12 செ.மீ. தூரம் போகிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று நொடிக்கு நூறு வீச்சு. ஆக நுனியின் சராசரி வேகம் நொடிக்கு 12 மீட்டர். வீச்சின் நடுப்பகுதியில் 18 வரை வரும். 1/1000 நொடியில் நுனி 12 மி.மீ. நகர்ந்துவிடும், அதாவது ஏறக்குறைய இறக்கையின் அகலமே அவ்வளவுதான். 1/4000இல் 3 மி.மீ. 1/20,000இல் அரை மி.மீ.க்குச் சற்று மேல். இந்தக் கடைசி எண் வந்தால்தான் இறகுகளைத் தனித்தனியாக எண்ண முடியும்.

இப்போது ஃபிளாஷ் பக்கம். கேமரா மேல் மாட்டும் சாதாரண ஃபிளாஷில் பவரைக் குறைத்தால் ஒளி மங்குவதில்லை, சீக்கிரம் அணைகிறது. நிக்கானின் எஸ்பி-900 கையேட்டில் போட்டிருக்கும் கணக்கைப் பாருங்கள்: முழு பவரில் 1/880 நொடி, 1/4 பவரில் 1/2550, 1/16இல் 1/10,000, 1/32இல் 1/20,000, 1/128இல் 1/38,500. மற்ற நிறுவனங்களின் ஃபிளாஷ்களிலும் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், போக்கு இதேதான்.

நான் தொடங்கும் அமைப்பு இது. மேனுவல் முறை, 1/200 நொடி, எஃப்/16 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 400 (சென்சாரின் ஒளி உணர்திறன்), நாலைந்து ஃபிளாஷ்கள். எல்லாமே மேனுவலில், எல்லாமே ஒரே பவரில், 1/32 அல்லது 1/64. பறவை நிற்கப்போகும் இடத்திலிருந்து அரை மீட்டர் தூரத்தில் முன்னால் இரண்டு, மேலே பின்புறம் ஒன்று, பின்னணிக்கு ஒன்றோ இரண்டோ. கீழே உள்ளதெல்லாம் இதிலிருந்து விலகும்போது வருவது.

எதற்கும் முன்னால்: ஒரு கறுப்புப் படம்

எல்லா ஃபிளாஷையும் அணையுங்கள். அதே செட்டிங்கில் ஒரு படம் எடுங்கள். அது கறுப்பாக வர வேண்டும். கிட்டத்தட்ட கறுப்பு இல்லை, ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) இடது சுவரில் ஒட்டிக்கொள்ளும் கறுப்பு. வரவில்லையென்றால் மேற்கொண்டு எதையும் சரிபார்ப்பதில் அர்த்தமில்லை. சுற்றுப்புற வெளிச்சம் உள்ளே வந்து உங்கள் 1/200 நொடி ஷட்டரில் இறக்கையைத் தேய்க்கிறது. அந்த நேரத்துக்குள் இறக்கை கால்வாசிச் சுற்று போய்விடும்.

வெட்டவெளி வெயிலில் இந்தச் சோதனை தேறவே தேறாது. வெயிலில் எஃப்/16க்கு ஷட்டர் ஐஎஸ்ஓவின் தலைகீழ் என்பது பழைய விதி. ஐஎஸ்ஓ 200, 1/200, எஃப்/16 என்று வைத்தால் ஃபிளாஷே இல்லாமல் அச்சாகப் படம் விழும். நிழலுக்குப் போங்கள், மூன்று நான்கு ஸ்டாப் தானாக இறங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பது). மேகக்காடுகளில் இந்த வகைப் படங்கள் அதிகம் எடுக்கப்படுவதற்கு அங்குள்ள பறவைகள் மட்டும் காரணமில்லை, அந்த மங்கல் வெளிச்சமும்தான். நிழலும் போதாவிட்டால் ஃபீடர் (பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் துளைக்கலம்) மேல் ஒரு கறுப்புக் குடையோ துணிக்கூரையோ போடுங்கள். சுற்றுப்புற ஒளி ஃபிளாஷைவிட ஐந்து ஸ்டாப்பாவது கீழே இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல்.

இறக்கை மொத்தமும் புகை மாதிரி இருக்கிறது, உடம்பு மட்டும் கூர்மை

கறுப்புப் படச் சோதனை தேறியும் இப்படி வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் ஹை ஸ்பீடு சிங்க். ஷட்டரை 1/2000, 1/4000 என்று ஏற்றிவைத்து, அதோடு ஃபிளாஷும் அடிக்கிறதென்றால் இந்த முறை ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதில் ஃபிளாஷ் ஒரே பளிச்சாக அடிப்பதில்லை. ஷட்டரின் இடுக்கு சென்சாரைக் கடந்து முடியும்வரை படபடவென்று துடித்து, ஒரு குழல்விளக்கு மாதிரி ஆகிவிடுகிறது. அப்போது இறக்கையை நிறுத்தும் பொறுப்பு மறுபடி ஷட்டருக்குப் போய்விடும். 1/2000இல் நுனி 6 மி.மீ. நகரும். பவரும் பெருமளவு வீணாகும். ஆச்சரியமென்னவென்றால் இதை ஒரு வசதி என்று நினைத்து முதலில் ஆன் செய்பவர்கள்தான் அதிகம். அணைத்துவிட்டு 1/200க்கு இறங்குங்கள்.

இரண்டாவது, பவர். டிடிஎல்லில் (கேமராவே ஃபிளாஷின் பவரை முடிவுசெய்யும் தானியங்கி முறை) விட்டிருந்தால் ஃபிளாஷ் தன் இஷ்டத்துக்கு 1/2 பவர்கூட அடிக்கும், நீங்கள் அறியமாட்டீர்கள். மேனுவலுக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது, ஸ்டுடியோ விளக்கு. பெரிய ஸ்டுடியோ ஸ்ட்ரோப் கையில் இருக்கிறதே என்று கொண்டுபோனவர்கள் உண்டு. பழைய வகைகளில் மின்னழுத்தத்தை இறக்கித்தான் பவரைக் குறைப்பார்கள். அவற்றில் பவர் குறையக் குறையப் பளிச் நேரம் நீளும், நேர் எதிர்! பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். டி.5 என்று போட்டிருந்தால் அது ஒளி பாதியாகக் குறையும்வரை உள்ள நேரம் மட்டும். வால்பகுதி அதற்குப் பிறகும் எரிந்துகொண்டிருக்கும். ஒளி பத்தில் ஒன்றாகக் குறையும்வரை உள்ள நேரமான டி.1 என்ற எண்தான் நமக்கு வேண்டியது; இந்த வகை விளக்குகளில் அது டி.5ஐப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

கூர்மையான இறக்கை, கூடவே ஒரு பேய் இறக்கை

இதுதான் மண்டையைக் குடையும் குறை. இறகுகள் தெளிவாக இருக்கும். ஆனால் விளிம்பில் ஒரு மெல்லிய நிழலோ, அரை வெளிச்சத்தில் இன்னொரு இறக்கையோ ஒட்டிக்கொண்டிருக்கும். பேயில் மூன்று வகை. எந்த வகை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இறக்கையின் விளிம்பை வெளிச்சமான பின்னணி அரித்துத் தின்றதுபோல இருந்தால், விளிம்பு வழியே பின்னணி தெரிந்தால், அது சுற்றுப்புற ஒளி. கறுப்புப் படச் சோதனையில் பறவை நிற்கும் இடம் மட்டும் கறுப்பாகி, பின்னால் ஒரு மூலையில் வானம் சாம்பலாகத் தெரிந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பின்னணியை மாற்றுங்கள் அல்லது மறையுங்கள்.

பேய் ஒரு பக்கத்து வெளிச்சத்தில் மட்டும் தெரிந்து, வால் மாதிரி இழுபட்டுப் போனால், ஒரு ஃபிளாஷ் மற்றவற்றைவிட அதிகப் பவரில் அடிக்கிறது. நாலு ஃபிளாஷ் 1/64இல் வேலையை முடித்துவிட்டு அணைந்தபின் ஐந்தாவது மட்டும் 1/4இல் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. கோஸ்டா ரிக்காவின் சவேக்ரே பள்ளத்தாக்கில் ஒரு காலை முழுவதும் நான் இப்படித்தான் தொலைத்தேன். லென்ஸைச் சந்தேகித்தேன், ஃபோகஸைச் சந்தேகித்தேன், டிரைபாடின் காலைக்கூட ஆட்டிப் பார்த்தேன். மதியம் மழை வந்து எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் மூடும்போதுதான், பறவையின் விளிம்பை ஒளிரவைக்கப் பின்னால் வைத்திருந்த ஃபிளாஷின் திரையில் 1/4 என்று மின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். முந்தின நாள் பின்னணிக்கு வைத்திருந்ததை இடம் மாற்றியவன் பவரை மாற்ற மறந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் நான் தவறாமல் செய்வது: ஒவ்வொரு ஃபிளாஷையும் தனியாக அடிக்கவைத்து ஒவ்வொரு படம். ஐந்து ஃபிளாஷுக்கு ஐந்து படம், இரண்டு நிமிட வேலை. எது வாலை இழுக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது வகையில் இரண்டு இறக்கைகளுமே கூர்மையாக இருக்கும், இடம் மட்டும் வேறு. ஃபிளாஷ்கள் ஒரே நேரத்தில் அடிக்கவில்லை என்பது இதன் பொருள். சிலவற்றை ரேடியோ டிரிகரிலும் (ரேடியோ அலையால் ஃபிளாஷை அடிக்கவைக்கும் கருவி) சிலவற்றை ஒளியைப் பார்த்து அடிக்கும் ஸ்லேவ் முறையிலும் கலந்து வைத்தால் இது வரும். 1/2000 நொடித் தாமதம் போதும், நுனி 6 மி.மீ. தள்ளிப் போயிருக்கும். எல்லாவற்றையும் ஒரே குடும்ப டிரிகருக்கு மாற்றுங்கள், வழியில்லையென்றால் கேபிள். பார்க்கச் சிலந்திவலை மாதிரி அசிங்கமாக இருக்கும், ஆனால் ஏமாற்றாது.

பறவை வரும்வரை காத்திருக்காமல் சோதிக்க: மேசை மின்விசிறி

வீட்டிலேயே செய்துவிடலாம். மின்விசிறியின் ஓர் இலையின் நுனியில், சில எழுத்துகள் அச்சான சின்ன ஸ்டிக்கர் ஒன்றை அழுத்தி ஒட்டுங்கள். கூண்டை மூடிவிட்டு முழு வேகத்தில் ஓடவிடுங்கள். 40 செ.மீ. விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 1300 சுற்று சுற்றினால் நுனி நொடிக்கு 27 மீட்டர் வேகத்தில் போகும். ரூபித்தொண்டைச் சிட்டின் இறக்கைநுனியைவிட வேகம். அறையை இருட்டாக்கி, அதே ஃபிளாஷ் அமைப்பில் படமெடுங்கள். ஸ்டிக்கரில் உள்ள எழுத்தைப் படிக்க முடிந்தால் பறவைக்குப் பயப்பட வேண்டாம். 1/4 பவரில் ஒன்று, 1/16இல் ஒன்று, 1/64இல் ஒன்று என்று அடுத்தடுத்து எடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் எழுத்து வெறும் சாம்பல் கோடு. இரண்டாவதில் எழுத்து இருக்கிறது என்று தெரியும், படிக்க வராது. மூன்றாவதில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். பேய் இறக்கைக் குறையையும் இதிலேயே பிடித்துவிடலாம்: எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் டிரிகர் சிக்கல், வழிந்தால் பவர் சிக்கல்.

1/64 பவரில் படம் இருட்டாக வருகிறது

பவரைக் கூட்டக் கை பரபரக்கும். கூட்டாதீர்கள். ஃபிளாஷைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒரு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வந்தால் இரண்டு ஸ்டாப் இலவசமாகக் கிடைக்கிறது.

கைடு நம்பர் (ஃபிளாஷின் ஒளித்திறனைக் காட்டும் எண்; மீட்டரில் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் வரும்) 34 உள்ள ஃபிளாஷ் என்றால், 1/64 பவரில் அது எட்டில் ஒன்றாகச் சுருங்கி 4¼ ஆகும். ஐஎஸ்ஓ 400இல் இரட்டித்து 8½. அரை மீட்டரில் வகுத்தால் எஃப்/17. அதாவது ஒரே ஃபிளாஷ் எஃப்/16க்குப் போதும். ஒரு மீட்டருக்குத் தள்ளினால் எஃப்/8தான். டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் மூடி) மாட்டினால் இன்னும் ஒன்றோ இரண்டோ ஸ்டாப் போகும். அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் இரண்டாவது ஃபிளாஷை ஒட்டிவைத்தால் ஒரு ஸ்டாப் ஏறும். இவ்வளவும் செய்தபிறகுதான் ஐஎஸ்ஓ 800. ஏற்றினால் கறுப்புப் படச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும், ஏனென்றால் ஐஎஸ்ஓ சுற்றுப்புற ஒளியையும் சேர்த்தே தூக்கும்.

கிட்டே வைத்தால் பறவை மிரளாதா என்பார்கள். ஃபிளாஷ் அடிப்பதைவிட, ஸ்டாண்டுகள் திடீரென்று முளைப்பதுதான் அவற்றுக்குப் பிடிக்காது. முந்தின நாளே ஸ்டாண்டுகளை நட்டுவிட்டு, மறுநாள் ஃபிளாஷைப் பொருத்துங்கள். பழகிவிடும்.

படத்தில் பாதி கறுப்பு, அல்லது மொத்தமும் கறுப்பு

பாதி கறுப்பு, நேர்கோடாக வெட்டியதுபோல இருந்தால் ஷட்டர் சிங்க் ஸ்பீடை (ஃபிளாஷ் அடிக்கும்போது சென்சார் முழுதும் திறந்திருக்கும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) தாண்டிவிட்டது. கேமராவைப் பொறுத்துப் பெரும்பாலும் 1/200 அல்லது 1/250. சில ரேடியோ டிரிகர்களில் அந்த எல்லையிலேயே கீழே ஒரு கறுப்புப் பட்டை வரும். 1/160க்கு இறங்கினால் போய்விடும். இறங்குவதால் இறக்கைக்கு ஒரு கேடும் இல்லை, அதுதான் ஷட்டரின் பொறுப்பில் இல்லையே.

மொத்தமும் கறுப்பு, ஆனால் ஃபிளாஷ் அடித்ததைக் கண்ணால் பார்த்தீர்கள் என்றால், கேமரா மேலிருக்கும் ஃபிளாஷ் டிடிஎல்லுக்காக ஒரு முன்பளிச்சை அனுப்புகிறது, ஸ்லேவ்கள் அதைப் பார்த்து ஷட்டர் திறக்கும் முன்பே அடித்துவிடுகின்றன. தலைமை ஃபிளாஷை மேனுவலுக்கு மாற்றுங்கள்.

ஃபிளாஷ் அடிக்கவே இல்லையா? சைலண்ட் ஷட்டர் ஆன் ஆகியிருக்கும். பறவை பயப்படக் கூடாது என்று நல்லெண்ணத்தில் போட்டிருப்பீர்கள். பெரும்பாலான கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டரோடு ஃபிளாஷ் அடிக்காது, அடித்தாலும் பலவற்றில் சிங்க் ஸ்பீடு மிகக் குறைவு. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு இதற்கு விலக்கு. அதன் குளோபல் ஷட்டர் எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்தில் படிப்பதால் சிங்க் எல்லை என்ற தொல்லையே இல்லை, சுற்றுப்புற ஒளியையும் ஷட்டராலேயே வெட்டிவிடலாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

பத்து நிமிடம் காத்திருந்து பறவை வந்ததும் அழுத்தினால் அடிக்கவில்லை, அடுத்ததற்கு அடிக்கிறது என்றால் ஃபிளாஷ் தூங்கிப் போயிருந்தது. மெனுவில் ஸ்டாண்ட்பையை அணையுங்கள். ஐந்து ஃபிளாஷிலும். நாலில் அணைத்துவிட்டு ஐந்தாவதை விட்டுவிட்டால் அதன் பலன் இன்னும் குழப்பமாக இருக்கும்.

முதல் படம் நன்றாக, மூன்றாவது படம் மங்கலாக

தொடர்படம் எடுக்கும்போது ஃபிளாஷ் மறுபடி நிரம்பவில்லை. 1/64இல் இது வரக் கூடாது; ஒரு நிரப்பலில் பல பளிச் அடிக்க முடியும். வந்தால் பேட்டரி ஓய்ந்துவிட்டது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் போடுங்கள், சாதாரண ஆல்கலைனைவிட வேகமாக நிரப்பும். ஒரு ஃபிளாஷின் நாலு பேட்டரியையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பின்னணி நள்ளிரவு மாதிரி இருக்கிறது

பகலில் எடுத்த படம் இரவில் எடுத்ததுபோல இருக்கும். ஃபிளாஷிலிருந்து பறவை அரை மீட்டரில், பின்னால் செடி இரண்டு மீட்டரில் என்றால், செடிக்குப் போய்ச் சேரும் ஒளி பதினாறில் ஒரு பங்கு. நாலு ஸ்டாப் குறைவு. இரவில் பூ தேடும் ரீங்காரச்சிட்டு கிடையாது, ஆகவே அந்தப் படம் பொய்யாகத் தெரியும்.

சுற்றுப்புற ஒளியை உள்ளே விட்டுப் பின்னணியைத் தூக்கலாம் என்று தோன்றும். விட்டால் பேய் இறக்கை திரும்பி வரும். பின்னணிக்கென்று தனி ஃபிளாஷ்தான் வழி. உண்மையான இலைகள் பறவைக்கு ஒரு மீட்டர் பின்னால் இருந்தால் அவற்றுக்கே ஒரு ஃபிளாஷ் வையுங்கள். தூரத்தில் இருந்தால் செயற்கைப் பின்னணி. கலங்கலாக, ஃபோகஸ் இல்லாமல் எடுத்த பச்சை இலைப் படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு, பறவைக்கு ஒரு மீட்டர் பின்னால் நிறுத்துங்கள். மேட் தாளில் மட்டும். பளபளத் தாளில் அச்சிட்டால் ஃபிளாஷ் ஒரு வெள்ளை வட்டமாக நடுவில் உட்கார்ந்துகொள்ளும். மழைக்காட்டு ஈரத்தில் தாள் சுருங்கி அலையலையாகும், அதுவும் படத்தில் தெரியும், பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பறவையின் நிழல் பின்னணியில் விழுந்தால் முன் ஃபிளாஷ்களை இன்னும் உயர்த்தி, பின்னணியைக் கொஞ்சம் பின்தள்ளினால் போதும்.

இந்த அட்டைப் பின்னணி ஏமாற்று வேலையா என்ற சண்டை ஓயாது. என் நிலைப்பாடு: பயன்படுத்துங்கள், கேட்டால் சொல்லிவிடுங்கள்.

தொண்டை கறுப்பாக இருக்கிறது

பறவையைக் கண்ணால் பார்த்தபோது தொண்டை தீப்பிடித்த மாதிரி இருந்தது, படத்தில் கரி. அந்த நிறம் சாயத்தால் வருவதல்ல. இறகின் நுண்ணிழைகளுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய தட்டுகளில் ஒளி பட்டு, குறிப்பிட்ட திசையில் மட்டும் குறிப்பிட்ட நிறமாகத் திரும்புகிறது. அன்னா ரீங்காரச்சிட்டின் ஆண் முகத்தைத் திருப்பும் ஒரு நொடியில் கறுப்பு, ரோஜா நிறமாகிப் பழையபடி கறுப்பாவதைப் பார்த்தால் புரியும்.

முன் ஃபிளாஷ்கள் இரண்டையும் பக்கவாட்டில் அகல விரித்து வைத்திருந்தால் அந்த ஒளி வேறெங்கோ திரும்பிப் போகும். ஒன்றை லென்ஸுக்குப் பக்கத்தில், லென்ஸை உரசுகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். பறவை கேமராவை நோக்கித் திரும்பும்போது அழுத்துங்கள். டிஃப்யூசர் போட்ட பெரிய ஒளிமுகம் என்றால் தொண்டை எரியும் கோணம் இன்னும் அகலும்.

மறுபக்கச் சிக்கலும் உண்டு: தொண்டை எரிந்து விவரமே இல்லாமல் ஒரே சிவப்புத் தகடு. பொதுவான ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரியும்; சிவப்பு வரைபடத்தைத் தனியாகத் திறந்தால் வலது சுவரில் மோதியிருக்கும். அரை ஸ்டாப் இறக்கவும்.

கண்ணில் ஐந்து வெள்ளைப் புள்ளி

ஐந்து ஃபிளாஷ் என்றால் ஐந்து புள்ளி. பெரிதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை எடிட்டிங்கில் அழியுங்கள். அவ்வளவுதான்.

இறக்கை நின்றுவிட்டது, ஆனால் தலை கூர்மையில்லை

இது ஃபிளாஷ் தப்பு இல்லை, ஃபோகஸ் தப்பு. 300 மி.மீ. லென்ஸில் இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு எஃப்/16இல் கூர்மை ஆழம் மூன்றரை செ.மீ. கிடைக்கும். எஃப்/5.6இல் ஒன்றே கால் செ.மீ.தான். பறவையோ அலகு முதல் வால்வரை எட்டொன்பது செ.மீ. பக்கவாட்டில் நின்றால் எஃப்/16 உடம்பையும் கண்ணையும் தாங்கும். நம்மை நோக்கி நின்றால் வால் போய்விடும், போகட்டும். எஃப்/22க்குப் போய் ஆழத்தைக் கூட்டலாம் என்று முயன்றால், சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) மொத்தப் படமும் மெத்தென்று ஆகிவிடும்.

ஆட்டோஃபோகஸ் பறவையைத் தேடிப் பின்னணிக்கு ஓடிவிடுகிறதென்றால், அதை விட்டுவிடுங்கள். ஃபீடரின் துளைக்கு முன்னால், பறவையின் கண் வரப்போகும் இடத்தில் ஒரு குச்சியை நீட்டி, அதில் கையால் ஃபோகஸ் செய்து, குச்சியை எடுத்துவிடுங்கள். லென்ஸ் வளையத்தில் ஒரு துண்டு டேப். பறவை அந்த இடத்துக்கு வரும். ஏனென்றால் அதற்குச் சாப்பாடு அங்கேதான்.

எல்லாப் படத்திலும் அலகு ஃபீடருக்குள்

ரீங்காரச்சிட்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போவதில்லை. குடிக்கும், பின்வாங்கி ஒரு சாண் தூரத்தில் அந்தரத்தில் நிற்கும், சுற்றும்முற்றும் பார்க்கும், மறுபடி வரும். அந்தப் பின்வாங்கும் நேரத்துக்குக் காத்திருங்கள். தாகத்தோடு வந்த முதல் சில உறிஞ்சல்களில் அழுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் கடினம்.

பல துளைகள் உள்ள ஃபீடர் என்றால் ஒன்றைத் தவிர மற்றவற்றை டேப்பால் மூடுங்கள். உட்காரும் கம்பியைக் கழற்றுங்கள், உட்கார்ந்து குடித்தால் பறக்கும் படம் ஏது? அப்புறம், பறவை ஓரிடத்துக்குப் பழகியதும் ஃபீடரை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பூவை வைத்து, சிரிஞ்சில் இரண்டு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விடலாம். வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. தேன் வேண்டாம், நாட்டுச்சர்க்கரை வேண்டாம், சிவப்புச் சாயம் வேண்டவே வேண்டாம். வெக்கையில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வைத்தால் புளித்துவிடும்; கொட்டிவிட்டு, கழுவி, புதிதாக ஊற்றுங்கள்.

கூட்டுக்குப் பக்கத்தில் இந்த விளையாட்டு எதுவும் வேண்டாம். சில காப்பிடங்களில் ஃபிளாஷுக்கே அனுமதியில்லை. ஸ்டாண்டை இறக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வியூஃபைண்டரில் ஒன்றுமே தெரியவில்லை

மிரர்லெஸ் கேமராவில் இது இயல்பு. நீங்கள்தான் படம் கறுப்பாக வரும்படி செட் செய்திருக்கிறீர்களே, அதை அப்படியே காட்டுகிறது. மெனுவில் எக்ஸ்போஷர் முன்னோட்டத்தை அணைத்தால் வெளிச்சமாகும்.

எல்லாம் சரி, ஆனால் பஞ்சடைத்த பொம்மை மாதிரி இருக்கிறது

இந்தப் புகார் வந்தால் மகிழ்ச்சிதான், தொழில்நுட்பம் கைக்கு வந்துவிட்டது. எம்ஐடி பேராசிரியர் ஹரால்ட் எட்ஜர்டன் 1930களிலேயே மின்ஃபிளாஷால் இந்தப் பறவையை அந்தரத்தில் நிறுத்திக் காட்டியபோது, இறக்கை தெரிந்ததே அதிசயம். இன்று அது மட்டும் போதவில்லை.

காரணம் பெரும்பாலும் ஒளி எல்லாப் பக்கமும் சமமாக விழுவதுதான். முன்னால் உள்ள இரண்டில் ஒன்றை ஒரு ஸ்டாப் இறக்குங்கள், அல்லது ஒரு சாண் பின்னுக்குத் தள்ளுங்கள். உடம்புக்கு ஒரு இருட்டுப் பக்கம் கிடைத்ததும் உருண்டு வரும். பின்னாலிருந்து வரும் ஒளி இறக்கையை ஊடுருவி இறகின் நடுத்தண்டுகளைக் காட்டட்டும். அது லென்ஸுக்குள் விழுந்து வெளிறிப்போனால் ஃபிளாஷின் ஓரத்தில் ஒரு கறுப்பு அட்டையை ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும் 1/128க்கு இறக்கி மயிரிழை பிசகாமல் நிறுத்த வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. வயலட் சேபர்விங் போன்ற பெரிய பறவைகள் மெதுவாகவே சிறகடிக்கும். அவற்றுக்கு 1/16 பவர் வைத்தால் உடம்பும் தோள்பட்டையும் கல்லாக நிற்க, நுனியில் மட்டும் இரண்டு மூன்று இறகு லேசாகக் கரையும். நான் சேர்த்துவைத்திருக்கும் படங்களில் அப்படிக் கரைந்தவையே அதிகம். நுனி நின்றவற்றில் இரண்டைத் தவிர மற்றவற்றை அழித்துவிட்டேன்.